இயல் 7: எந்த ஷான்டியைப் பாடுவது?

கொயர் நடத்துபவர்கள் ஷான்டி தேடும்போது பெரும்பாலும் மெட்டிலிருந்துதான் தொடங்குகிறார்கள். கேட்க உற்சாகமாக இருக்கிறதா, கூட்டம் கைதட்டுமா என்று பார்த்துவிட்டு நோட்டை வாங்கிவிடுகிறார்கள். இந்த இயல் சொல்லும் வரிசை வேறு. ஒரு பாட்டு கப்பலில் எந்த வேலைக்குப் பாடப்பட்டது என்பதை முதலில் கண்டுபிடியுங்கள். எந்த வேகத்தில் பாடுவது, எங்கே மூச்சு வாங்குவது, தனிக்குரலுக்கு எவ்வளவு, கூட்டுக்குரலுக்கு எவ்வளவு, எத்தனை சரணத்தோடு நிறுத்துவது என்பதெல்லாம் அந்த வேலையிலிருந்தே வருகின்றன. வேலை தெரியாமல் எடுத்த ஷான்டி மேடையில் வெறும் கும்மாளப் பாட்டாகிவிடும்.

பின்னணி இவ்வளவு போதும். நாம் இன்று பாடும் ஷான்டிகள் 19-ஆம் நூற்றாண்டு வணிகப் பாய்மரக் கப்பல்களின் வேலைப் பாட்டுகள். கப்பல் முதலாளிகள் ஆட்களைக் குறைவாக வைத்தார்கள், பாயும் நங்கூரமும் கனமானவை, எல்லாருடைய பலமும் ஒரே நொடியில் விழுந்தால்தான் வேலை நகரும். ஷான்டிமேன் என்ற முன்பாட்டுக்காரர் ஒரு வரி பாடுவார். கயிற்றில் நிற்பவர்கள் அடுத்த வரியை வாங்கிப் பாடிக்கொண்டே இழுப்பார்கள். கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டைக் கேட்டவர்களுக்கு இந்த அமைப்பைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. ஆங்கிலேய, ஐரிஷ், அமெரிக்க மாலுமிகள் மட்டும் இதை உருவாக்கவில்லை. மொபைல், நியூ ஆர்லியன்ஸ் துறைமுகங்களில் பஞ்சு மூட்டைகளைக் கப்பலுக்குள் திருகித் திணித்த கறுப்பினத் தொழிலாளர்களும், கரீபியன் தீவுகளின் மாலுமிகளும் இதில் பெரும் பங்கு வகித்தார்கள். நீராவி வந்ததும் கயிற்று வேலை போயிற்று, பாட்டுக்கும் வேலை இல்லாமல் போயிற்று.

படி 1: முன்பாட்டுக்காரரை முடிவு செய்யுங்கள்

பாட்டுப் பட்டியலைக் கையில் எடுப்பதற்கு முன் இதைச் செய்யுங்கள். ஷான்டியில் பாதி தனிக்குரல். அந்தக் குரல் சரியாக அமையாவிட்டால் நாற்பது பேர் நான்கு பாகமாகப் பின்பாட்டுப் பாடினாலும் பயன் இல்லை.

1. கொயரின் மிக அழகான குரலைத் தேடாதீர்கள். சொற்கள் கடைசி வரிசை வரை தெளிவாகக் கேட்கும் குரலைத் தேடுங்கள்.
2. தாளத்தில் நிலைத்து நிற்பவரா என்று சோதியுங்கள். தம்புராவோ கீபோர்டோ இல்லாமல், கைத்தாளம் மட்டும் போட்டு ஐந்து சரணம் பாடச் சொல்லுங்கள். கடைசிச் சரணம் முதல் சரணத்தைவிட ஓடியிருந்தால் அவருக்கு இன்னும் பயிற்சி வேண்டும்.
3. நோட்டைப் பார்க்காமல் பாட வேண்டும். கண் தாளில் இருந்தால் குழுவை இழுத்துப் போக முடியாது.
4. ஆறு பாட்டு பாடுவதாக இருந்தால் குறைந்தது இரண்டு பேரைத் தயார் செய்யுங்கள், மூன்று பேர் என்றால் இன்னும் நல்லது. ஒருவரே எல்லாவற்றையும் பாடினால் நான்காவது பாட்டில் தொண்டை இறுகும், கேட்பவர்களுக்கும் சலிப்புத் தட்டும்.

பெண்கள் முன்பாட்டுப் பாடலாமா என்று சிலர் தயங்குகிறார்கள். தாராளமாகப் பாடலாம். கனமான ஆல்டோ குரல் ஷான்டிக்கு மிக நன்றாகப் பொருந்தும். ஆண் குரலுக்கு எழுதிய சுருதியில் அவரை நிறுத்தாமல் இருப்பதுதான் முக்கியம். டி கட்டையில் டெனர் பாடும் பாட்டை ஆல்டோவுக்கு ஜி அல்லது ஏ கட்டைக்கு மாற்றிப் பார்த்து, பின்பாட்டுப் பாடும் பேஸ் குரல்கள் அதில் திணறுகின்றனவா என்று கேட்டு முடிவு செய்யுங்கள்.

படி 2: வேலையைக் கண்டுபிடியுங்கள்

இந்த இயலின் மையம் இதுதான். ஒவ்வொரு பாட்டுக்கும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: இதைப் பாடியவர்களின் கைகள் அப்போது என்ன செய்துகொண்டிருந்தன?

*ஹால்யர்ட் ஷான்டி.* பாயைத் தாங்கும் கனத்த குறுக்குக் கட்டையைப் பாய்மரத்தின் மேல் ஏற்றும் வேலை. முன்பாட்டு வரி நடக்கும்போது இழுப்பவர்கள் மூச்சு வாங்கி, கயிற்றில் பிடியை மாற்றுவார்கள். பின்பாட்டு வரியில் இரண்டு இழுப்பு. அந்த இரண்டு அடிகளில்தான் பாட்டின் உயிர் இருக்கிறது. ‘ப்ளோ த மேன் டவுன்’ இந்த வகை. இதை வால்ட்ஸ் நடனம் போலச் சுழற்றிச் சுழற்றிப் பாடும் குழுக்கள் நிறைய. பின்பாட்டின் இரண்டு இழுப்புகளை மட்டும் பென்சிலால் குறித்து, அந்த அடிகளில் வயிற்றிலிருந்து அழுத்தம் கொடுக்கச் சொல்லுங்கள். மற்ற சுரங்கள் லேசாகப் போகட்டும். பாட்டு தானாக நிதானத்துக்கு வந்துவிடும்.

ஹால்யர்ட் பாட்டுகளில் பின்பாட்டு சின்னது. எனவே நல்ல முன்பாட்டுக்காரர் இருக்கும், ஆனால் பயிற்சி நேரம் குறைவாக உள்ள குழுவுக்கு இவை ஏற்றவை.

*ஷார்ட் டிராக் ஷான்டி.* பாயின் ஓரக் கயிற்றை இறுக்கிக் கட்டக் கடைசியாகச் சில வலுவான இழுப்புகள் வேண்டும். பின்பாட்டின் முடிவில் ஒரே இழுப்பு. ‘ஹால் அவே ஜோ’, ‘ஹால் ஆன் தி போலின்’ இவ்வகை. ஒன்றரை நிமிடத்துக்கு மேல் நீட்டாதீர்கள். சிறுவர் கொயருக்கும் புதிய குழுவுக்கும் முதல் பாடமாக இவற்றையே கொடுப்பேன். ஒரே ஒரு அடியில் எல்லாரும் சேர்ந்து விழக் கற்றுக்கொண்டால் மீதி எல்லாம் எளிது.

*கேப்ஸ்டன் ஷான்டி.* நங்கூரச் சங்கிலியைச் சுற்றி ஏற்றும் செங்குத்து உருளைதான் கேப்ஸ்டன். அதில் செருகிய கட்டைகளை நெஞ்சால் தள்ளிக்கொண்டு வட்டமாக நடக்க வேண்டும். இழுப்பு இல்லை, இடைவிடாத நடை. அதனால் மெட்டு நீளம், பின்பாட்டும் நீளம், பெரும்பாலும் ஊர், பயணம், பிரிவு பற்றிய சொற்கள். ‘ஷெனண்டோவா’, ‘ரியோ கிராண்டே’, ‘சவுத் ஆஸ்திரேலியா’ ஆகியவை இங்கே வரும். நான்கு பாக ஹார்மனியை நம்பி நிற்கும் கொயர் இந்த வகையிலிருந்து குறைந்தது இரண்டு பாட்டு எடுக்க வேண்டும். பின்பாட்டில் குரல்கள் விரிய இடம் இருப்பது இங்கேதான்.

*பம்ப் ஷான்டி.* மரக் கப்பலில் நீர் கசிந்துகொண்டே இருக்கும். அதை இறைப்பது தினசரி வேலை, சலிப்பான வேலை. கேப்ஸ்டன் பாட்டுகளையே இதற்கும் பாடினார்கள். ‘லீவ் ஹெர் ஜானி’ பயணத்தின் கடைசியில் பாடப்பட்டது. சம்பளம், சாப்பாடு, அதிகாரிகள் என்று மாதக்கணக்கில் அடக்கிவைத்த குறைகளை எல்லாம் மாலுமிகள் இதில் கொட்டினார்கள். அதுவரை வாய் திறந்திருந்தால் ஒழுங்கு மீறல் என்று தண்டனை கிடைத்திருக்கும்.

*ஸ்டாம்ப் அண்ட் கோ.* ஆட்கள் நிறைய இருக்கும் கப்பலில் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு தளத்தில் அடிவைத்து ஓடுவார்கள். ‘ட்ரங்கன் செய்லர்’, ‘ரோல் தி ஓல்ட் சாரியட்’ இரண்டும் இதற்குரியவை.

ஓய்வு நேரத்தில் பாடிய கதைப் பாட்டுகள் தனி இனம். ‘ஸ்பானிஷ் லேடீஸ்’ அப்படிப்பட்டது. அவற்றையும் பாடலாம், ஆனால் ஷான்டி என்று அறிவிக்காதீர்கள்.

> குறிப்பு: ஒரே பாட்டு இரண்டு மூன்று வேலைகளுக்கும் போயிருக்கும். புத்தகங்கள் முரண்பட்டால் குழம்ப வேண்டாம். உங்கள் கொயருக்கு எந்த வேலையின் வேகம் பொருந்துகிறதோ அதை எடுத்துக்கொண்டு, பாட்டு முழுக்க அதிலேயே நில்லுங்கள்.

படி 3: மரபுப் பாட்டா என்று சரிபாருங்கள்

‘மரபுவழி ஷான்டிகள்’ என்று நிகழ்ச்சித் தாளில் அச்சடிக்கப் போகிறீர்கள் என்றால் இந்தப் படியைத் தாண்டாதீர்கள். தவறாக நுழைந்துவிடும் பாட்டுகள் எப்போதும் ஏறத்தாழ ஒரே கூட்டம்தான்.

- ‘வெல்லர்மேன்’: 2021 தொடக்கத்தில் டிக்டாக் வழியாக உலகம் முழுக்கப் பரவியது. நியூசிலாந்துத் திமிங்கில வேட்டைக்காரர்களின் பாட்டு. வெல்லர் சகோதரர்கள் 1831-இல் ஒட்டாகோவில் தொடங்கிய நிலையத்தின் சரக்குக் கப்பல்தான் பெயருக்குக் காரணம். பாட்டு அச்சில் வந்தது 1970-களில். கயிறு இழுக்கும் பாட்டு அல்ல. நல்ல பாட்டு, பாடுங்கள். அறிவிப்பை மட்டும் சரியாகச் செய்யுங்கள்.
- செத்தவன் பெட்டி மேல் பதினைந்து பேர் என்று தொடங்கும் கடற்கொள்ளையர் பாட்டு: ஸ்டீவன்சன் ‘புதையல் தீவு’ நாவலுக்காக எழுதியது, 1883. நாவலில் இருந்தது சில வரிகள்தான், மீதியைப் பின்னால் வந்தவர்கள் சேர்த்தார்கள்.
- ‘மிங்குலே போட் சாங்’: ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ ஆர்ஃபியஸ் கொயரை நடத்திய ஹியூ ராபர்ட்டன் 1938-இல் எழுதியது.
- ‘பேரட்ஸ் பிரைவட்டீர்ஸ்’: கனடாவின் ஸ்டான் ராஜர்ஸ் 1976-இல் இயற்றியது. இதற்கு இன்னும் பதிப்புரிமை உண்டு.

எங்கே தேடுவது? டபிள்யூ. பி. வால் என்ற கப்பல் தலைவரின் தொகுப்பு 1910-இல் வந்தது. செசில் ஷார்ப்பின் தொகுப்பு 1914-இல் வந்தது. சாமர்செட் பகுதியின் வாட்செட் துறைமுகத்தில் வாழ்ந்த ஜான் ஷார்ட் என்ற முதிய மாலுமி பாடியவைதான் அதில் பெரும்பகுதி. வேலையில் உண்மையாகப் பாடியவரின் வாயிலிருந்து வந்தவை என்பதால் அதை மிகவும் மதிக்கிறேன். ரிச்சர்ட் ரன்சிமன் டெர்ரியின் ‘ஷான்டி புக்’ 1921-லும் 1926-லும் இரண்டு பாகமாக வந்தது. டெர்ரி லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் கத்தீட்ரலில் இசை இயக்குநராக இருந்தவர், கடலோடிக் குடும்பத்தில் வந்தவர். கொயர் நடத்துபவர் எதைத் தேடுவார் என்று அவருக்குத் தெரியும். பியானோ பாகத்தோடு அச்சான அந்த நூல் தொடக்கநிலைக் குழுவுக்கு மிக வசதி. ஜோஆனா கோல்கார்டு என்ற அமெரிக்கப் பெண்மணி 1924-இல் வெளியிட்ட தொகுப்பு இன்னொரு நல்ல ஊற்று. கப்பல் தலைவரின் மகள், கடலிலேயே பிறந்தவர்.

எல்லாவற்றையும்விடப் பெரியது ஸ்டான் ஹியூகில் 1961-இல் வெளியிட்ட ‘ஏழு கடல்களின் ஷான்டிகள்’. 1929-இல் கேப் வர்டே தீவுகளுக்கு அருகில் உடைந்த ‘கார்த்பூல்’ கப்பலில் ஷான்டிமேனாக இருந்தவர் அவர். ஒரே பாட்டுக்குப் பல வடிவங்களை அடுக்கித் தருவார். உங்கள் முன்பாட்டுக்காரருக்கு எந்த வடிவம் பொருந்துகிறதோ அதைத் தேர்ந்தெடுக்க இதைவிட வசதியான நூல் இல்லை. ஆனால் அந்த நூலைத் திறப்பதற்கு முன் அடுத்த படியைப் படித்துவிடுங்கள்.

படி 4: சொற்களைச் சலியுங்கள்

பழைய ஷான்டிகளில் ஆபாசம் இருக்கிறது, இனவெறிச் சொற்கள் இருக்கின்றன, பெண்களைப் பொருளாகப் பேசும் வரிகள் இருக்கின்றன. ஹியூகில் ஆபாச வரிகளை மாற்றிப் பதிப்பித்தார், ஆனால் கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் சொல்லை அப்படியே அச்சிட்டார். ‘குடும்பத்தோடு படிக்கலாம்’ போலத் தோன்றும் பக்கத்திலேயே அந்தச் சொல் கிடக்கும். ஆங்கிலம் சரளமாக வராத குழுவில் பொருள் தெரியாமல் மனப்பாடம் செய்துவிடும் ஆபத்து அதிகம். எனவே:

1. எல்லாச் சரணங்களையும் தாளில் எழுதி, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் தமிழில் பொருள் எழுதுங்கள். பொருள் எழுத முடியாத வரியைப் பாடக் கூடாது.
2. சந்தேகமான வரி வந்தால் ஒரு சொல்லை மட்டும் மாற்றாதீர்கள். அந்தச் சரணம் முழுவதையும் விடுங்கள். ஷான்டியில் சரணங்கள் பாட்டுக்குப் பாட்டு இடம் மாறுபவை. வேலை முடிந்ததும் பாட்டை எங்கே வேண்டுமானாலும் நிறுத்தினார்கள். சரணத்தை விடுவதே மரபுக்கு உட்பட்ட வழி.
3. பாட்டின் அடிப்படையே இடைஞ்சல் என்றால் பாட்டையே விடுங்கள். ‘எ ரோவிங்’ சரணத்துக்குச் சரணம் ஒரு பெண்ணின் உடலில் கை மேலே ஏறிக்கொண்டு போகும் பாட்டு. மெட்டு கவரும், ஆனாலும் பள்ளி மேடையில் அதற்கு இடம் இல்லை.
4. அடிமைமுறையின் வலியிலிருந்து வந்த பாட்டுகளை ஒதுக்காதீர்கள், கும்மாளமாகவும் பாடாதீர்கள். ‘ஷாலோ பிரவுன்’ பிரிவின் பாட்டு, விற்கப்படும் மனிதனின் குரல் அதில் கேட்கிறது. இரண்டு வாக்கியம் விளக்கம் சொல்லிவிட்டு மெதுவாகப் பாடுங்கள். ஜார்ஜியா கடலோரத்தின் கறுப்பினத் துறைமுகத் தொழிலாளர்கள் கூலி கேட்டுப் பாடிய ‘பே மீ மை மணி டவுன்’ பாட்டையும் அந்த மரியாதையோடு எடுங்கள்.
5. போலி ஐரிஷ் உச்சரிப்பு, போலி ஜமைக்கா உச்சரிப்பு வேண்டவே வேண்டாம். உங்கள் இயல்பான ஆங்கிலத்தில் தெளிவாகப் பாடுங்கள்.

தேவாலயக் கொயருக்கு ஒரு சிறப்புப் பரிந்துரை: ‘ட்ரங்கன் செய்லர்’ பாட்டை விட்டுவிட்டு ‘ரோல் தி ஓல்ட் சாரியட்’ எடுங்கள். அதே நடை, அதே உற்சாகம். அது எழுப்புதல் கூட்டங்களில் பாடிய பக்திப் பாட்டிலிருந்து மாலுமிகள் எடுத்துக்கொண்டது. மாலுமி வடிவத்தில் ரம்மைப் புகழும் சரணமும் வரும், பக்தி வடிவத்தின் சரணங்களும் கிடைக்கும். இடத்துக்கு ஏற்ப எடுத்துக்கொள்ளலாம்.

> உச்சரிப்பு: மாலுமிகள் எழுத்துப்படி உச்சரிப்பதில்லை. ‘பௌலைன்’ அல்ல, *போலின்*. ‘ஃபோர்காசில்’ அல்ல, *ஃபோக்சில்*. ‘போட்ஸ்வெய்ன்’ அல்ல, *போசன்*. பிரேசிலின் ரியோ கிராண்டே இந்தப் பாட்டில் மட்டும் *ரை-ஓ* ஆகும். முதல் ஒத்திகையிலேயே திருத்துங்கள். பழகிவிட்ட உச்சரிப்பைப் பிறகு மாற்றுவது பெரும்பாடு.

படி 5: சுருதியும் ஹார்மனியும்

நல்ல தேர்வு கெட்டுப்போகும் இடம் பெரும்பாலும் இதுதான். ‘ட்ரங்கன் செய்லர்’ பாட்டையே பாருங்கள். டி கட்டையில் பாடினால் அதன் சுரங்கள் டி, ஈ, எஃப், ஜி, ஏ, பி, சி. மேற்கத்திய இசையில் இதற்கு டோரியன் என்று பெயர். நம் காதுக்குக் கரஹரப்ரியா. கீபோர்டு வாசிப்பவர் இதை ‘டி மைனர்’ என்று எண்ணிக்கொண்டு, வரி முடியும் இடத்தில் ஏ மேஜர் கார்டு வைப்பார். அதில் சி ஷார்ப் இருக்கிறது. கைசிகி நிஷாதம் போய்க் காகலி நிஷாதம் வந்துவிட்டது. கூடவே ஒரு பி ஃப்ளாட்டையும் சேர்த்தால் சதுஸ்ருதி தைவதமும் சுத்த தைவதமாகிவிடும். கேட்பவர் காதில் இப்போது ஒலிப்பது கீரவாணி. கடல் பாட்டு போய்ச் சினிமாச் சோகம் வந்து உட்காரும். சரியான கார்டுகள் இரண்டே இரண்டு: டி மைனர், சி மேஜர். இந்த இரண்டையும் மாற்றி மாற்றி வைத்தாலே பாட்டு நிற்கும். அச்சில் வந்த அரேஞ்ச்மென்ட் வாங்குமுன் இந்த ஒரு இடத்தைப் பாருங்கள். கடைசி வரியில் சி ஷார்ப் தெரிந்தால் வேறு பதிப்பு தேடுங்கள்.

மற்றவை சுருக்கமாக:

- முன்பாட்டு வரியின் கீழ் ‘ஊ’ என்று ஹம்மிங் எழுதியிருந்தால் அதை எடுத்துவிடுங்கள். இழுப்பவர்கள் அப்போது மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்.
- பின்பாட்டின் முதல் சொல்லை எல்லாரும் ஒரே சுரத்தில் தொடங்கி, பிறகு பாகம் பிரிந்தால் தாக்கம் கூடும்.
- முன்பாட்டின் கடைசிச் சுரம் ஓயுமுன் பின்பாட்டு வந்து விழ வேண்டும். இடையில் காலியிடம் விழுந்தால் வேகம் செத்துவிடும்.
- பக்கவாத்தியம் தவிருங்கள். கயிற்றில் இருந்த கைகளுக்கு வாத்தியம் ஏது? ஆதார சுருதி கொடுத்துவிட்டு நிறுத்திவிடுங்கள்.
- ஜேம்ஸ் எர்ப் எட்டுப் பாகமாக அமைத்த ‘ஷெனண்டோவா’ மிக அழகானது. அனுபவமுள்ள பெரிய கொயருக்குத்தான் அது. பதினைந்து பேர் கொண்ட குழு ஒரே குரலில் தொடங்கி இரண்டு பாகமாக விரியும் எளிய வடிவத்தை எடுக்கலாம்.

படி 6: கயிற்றுச் சோதனை

தேர்ந்தெடுத்த பாட்டு ஒவ்வொன்றையும் ஒரு தடவையாவது கயிற்றோடு பாடிப் பாருங்கள். இது விளையாட்டு அல்ல. தவறான வேகத்தை இதைவிட விரைவாகக் காட்டும் வழி எனக்குத் தெரியாது.

1. 25 கிலோ அரிசி மூட்டை ஒன்றைத் தரையில் வையுங்கள். தடித்த பருத்தி வடத்தை அதில் கட்டுங்கள்.
2. ஐந்தாறு பேர் வடத்தைப் பிடிக்கட்டும். முன்பாட்டுக்காரர் பக்கவாட்டில் நிற்கட்டும். மற்றவர்கள் பின்பாட்டுப் பாடட்டும்.
3. ஹால்யர்ட் பாட்டுக்கு: முன்பாட்டில் யாரும் இழுக்கக் கூடாது. பின்பாட்டின் இரண்டு அடியில் மட்டும் இழுப்பு. பிடியை மாற்ற நேரம் போதவில்லை என்று இழுப்பவர்கள் சொன்னால் வேகம் அதிகம். கை சும்மா காத்திருந்தால் வேகம் குறைவு.
4. கேப்ஸ்டன் பாட்டுக்கு மூட்டை வேண்டாம். எல்லாரும் வட்டமாக, கனத்தைத் தள்ளுவதுபோல் முன்சாய்ந்து நடந்துகொண்டே பாடட்டும். கால் ஓட்டமாகிவிட்டால் குறையுங்கள்.
5. வேகம் பிடிபட்டதும் மெட்ரோனோமில் அளந்து எண்ணை நோட்டின் தலைப்பில் எழுதுங்கள்.

*பாதுகாப்பு:* தென்னை நார்க் கயிறும் நைலான் கயிறும் வேண்டாம், உள்ளங்கை உரிந்துவிடும். வடத்தை யாரும் கையிலோ இடுப்பிலோ சுற்றிக்கொள்ளக் கூடாது. இழுப்பவர்களுக்குப் பின்னால் நாற்காலி, படிக்கட்டு, கீபோர்டு ஸ்டாண்டு எதுவும் இருக்கக் கூடாது. முதுகுவலி உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் பாடும் பக்கத்தில் நிற்கட்டும். நிகழ்ச்சி மேடைக்குக் கயிற்றைக் கொண்டுபோகவே வேண்டாம், கால் தடுக்கும்.

தொண்டையும் மேடையும்

ஷான்டி என்றதும் கத்த ஆரம்பிப்பது எல்லாக் குழுக்களும் செய்யும் தவறு. முதல் ஒத்திகையிலேயே நான்கு பேருக்குத் தொண்டை கட்டும். சத்தம் வயிற்றின் தாங்கலிலிருந்து வரட்டும். ஷான்டி ஒத்திகை நாற்பது நிமிடத்துக்கு மேல் தொடர வேண்டாம், நடுவில் ஐந்து நிமிடம் பேச்சும் இல்லாத ஓய்வு, பக்கத்தில் வெந்நீர். குரல் உடையும் வயதுப் பையன்களுக்கு முன்பாட்டுக் கொடுக்காதீர்கள். அவர்கள் பின்பாட்டில் தங்களுக்கு எட்டும் சுரத்தில் சேரட்டும். குரல் கரகரத்தவர் அன்று பாடாமல் தாளம் மட்டும் போடலாம்.

கால் தட்டிப் பாட ஆசை வரும். அடுக்குப் பலகை மேடையில் நாற்பது பேர் ஒரே அடியில் மிதித்தால் பூட்டு கழன்றுவிடலாம். தரையில் நிற்கும் முன்வரிசை மட்டும் தட்டட்டும்.

உடை பற்றிக் கட்டாயம் கேட்பார்கள். ஒற்றைக்கண் மறைப்பும் மண்டையோட்டுத் தொப்பியும் வேண்டாம். கடற்கொள்ளையர் காலம் 18-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியிலேயே ஓய்ந்துவிட்டது. இந்தப் பாட்டுகளைப் பாடியவர்கள் சம்பளத்துக்கு உழைத்த மாலுமிகள். ஒரே நிறச் சட்டை, மடித்த கை, அது போதும்.

உரிமை

மரபு மெட்டும் சொற்களும் யாருக்கும் சொந்தம் இல்லை. அரேஞ்ச்மென்ட்டுக்கு உரிமை உண்டு. இந்தியச் சட்டப்படி எழுதியவர் இறந்து 60 ஆண்டு வரை அது நீடிக்கும். 1938-இல் இறந்த டெர்ரியின் அமைப்புகளைத் தடையின்றிப் பாடலாம். இன்று வாழும் இசையமைப்பாளரின் நோட்டை ஒரு பிரதி வாங்கி முப்பது ஜெராக்ஸ் எடுப்பது தவறு, தலைக்கு ஒன்று வாங்குங்கள். கட்டணம் இல்லாத பார்வையாளர்களுக்கு அமெச்சூர் குழு நிகழ்த்துவதற்கும், சமய நிறுவனத்தின் நலனுக்காக அது நிகழ்த்துவதற்கும் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு விலக்கு அளிக்கிறது. அதைப் படம்பிடித்து யூடியூபில் ஏற்றுவது வேறு விஷயம், தனி அனுமதி வேண்டும்.

படி 7: வரிசை அமையுங்கள்

இருபது நிமிட நிகழ்ச்சிக்கு ஆறு பாட்டு போதும். ஒரு பயணத்தின் ஒழுங்கில் அடுக்கினால் கேட்பவர்களுக்கு வழி தெரியும்:

1. நங்கூரம் ஏற்றுதல்: ‘ரியோ கிராண்டே’. கொயரின் முழு ஒலியும் முதலிலேயே கேட்கட்டும்.
2. பாய் ஏற்றுதல்: ‘ப்ளோ த மேன் டவுன்’. வேறு முன்பாட்டுக்காரர்.
3. பாய் இறுக்குதல்: ‘ஹால் அவே ஜோ’. சுருக்கமாக முடியுங்கள்.
4. நடுக்கடல்: ‘லோலேண்ட்ஸ் அவே’ அல்லது ‘ஷெனண்டோவா’. இரண்டையும் பாட வேண்டாம், வேகம் கீழே போய்விடும்.
5. ஓட்டம்: ‘ரோல் தி ஓல்ட் சாரியட்’. கூட்டத்தையும் பின்பாட்டுக்கு அழையுங்கள். பின்பாட்டு வரியை முன்கூட்டியே ஒரு தடவை சொல்லிக்கொடுங்கள்.
6. கரை சேர்தல்: ‘லீவ் ஹெர் ஜானி’.

ஒவ்வொரு பாட்டுக்கும் முன் ஒரே வாக்கியம் அறிவிப்பு: இது எந்த வேலைக்கான பாட்டு என்று மட்டும் சொல்லுங்கள். வரலாற்றுச் சொற்பொழிவு வேண்டாம். சரணங்கள் நான்கு அல்லது ஐந்து. கடைசிச் சரணத்தை முன்பாட்டுக்காரர் கை உயர்த்திக் காட்டட்டும், எல்லாரும் ஒரே அடியில் நிறுத்துங்கள். முடிவில் வேகத்தை இழுத்து இழுத்துக் குறைக்கும் கோயில்மணி முடிவு ஷான்டிக்கு ஆகாது. பாய் கட்டியாகிவிட்டது, பாட்டு நின்றுவிட்டது, அவ்வளவுதான்.

இன்னொரு பாட்டு கேட்டால் கொடுக்க ‘பேடி டாயில்ஸ் பூட்ஸ்’ தயாராக வைத்திருங்கள். சுருட்டிய பாயைக் குறுக்குக் கட்டையின் மேல் தூக்கிப் போட எல்லாரும் சேர்ந்து பாடியது. தனிக்குரல் தேவையில்லை, ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும், களைத்த முன்பாட்டுக்காரருக்கும் ஓய்வு கிடைக்கும்.